வெனிஸ் சிட்டியில் எழுந்த தேங்காய்

சுருளிவேலுக்கு வருகிற தையில் அறுபது முடிகிறது. கன்னிவாடிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் வைத்திருக்கிறார். முருங்கையும் சின்ன வெங்காயமும் மாற்றி மாற்றிப் போடுவார். இந்த விவரத்தைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துத் தெருவிலேயே அவரைத் தெரியாது என்பார்கள். 'தேங்காய்க்காரர்' என்று கேட்டால் ஒட்டன்சத்திரத்திலிருந்து வேடசந்தூர் வரைக்கும் வழி சொல்வார்கள். தேங்காய் விற்கிறவர் இல்லை. உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு காட்டில் நடப்பார். எந்த இடத்தில் அது குடுமியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கிறதோ, அங்கே தண்ணீர் இருக்கிறது என்பார்.

தேங்காய் எழுகிறதா, இவர் எழுப்புகிறாரா என்று கேட்கிற படித்த பிள்ளைகள் உண்டு. அந்த வழக்கை நாம் தீர்க்க வேண்டாம். கரையான் புற்று எங்கே இருக்கிறது, எந்தப் பக்கத்துப் புல் சித்திரையிலும் பச்சை மாறாமல் நிற்கிறது என்பதையெல்லாம் அவர் கண் முதலிலேயே பார்த்துவிடும். கைக்கு அது செத்த நேரம் கழித்துத் தெரியவரும் என்று வைத்துக்கொள்ளலாம். எப்படியோ, பத்துக்கு ஏழு பழுது போகாது. மிச்சம் மூன்றை அவர் மறைத்ததும் இல்லை. "மண்ணுக்குள்ள எறங்கியா பாத்தேன் அப்பு? எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுத்தான்" என்று சொல்லிவிடுவார்.

அவருக்கு இரண்டு கட்டுப்பாடுகள். வெற்றிலை பாக்கைத் தவிர எதுவும் வாங்க மாட்டார். எழுந்த தேங்காயை மஞ்சள் துணியில் முடிந்து அந்த வீட்டுக்காரர்களிடமே கொடுத்துவிடுவார். தண்ணீர் வந்தால், அந்த முதல் தண்ணீரில் தேங்காயைக் கழுவி அங்கேயே உடைத்து, கூடியிருப்பவர்களுக்கு ஆளுக்கொரு சில்லு கொடுக்க வேண்டும். வராவிட்டால் தேங்காயைக் கொண்டுவந்து அவர் வீட்டு வாசற்படியில் வைத்துவிட வேண்டும். யாரும் திட்டுவதில்லை, சண்டைக்கு வருவதில்லை. வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் வாசல் தெளிக்க வருகிற முத்துப்பேச்சி, அவர் மனைவி, "இந்தா, ஒங்களுக்கு மார்க்கு வந்திருக்கு" என்று உள்ளே எடுத்துப் போவாள். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்காது. மறுநாள் சரியாகிவிடும். தோற்றது தோற்றதுதான், ஆனால் கணக்கு முடிந்துவிட்டது என்று ஒரு நிம்மதி.

ஒரே ஒரு தேங்காய் மட்டும் மூன்று வருஷமாகத் திரும்பி வரவில்லை. தண்ணீரும் வரவில்லை. அதுதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

அதற்கு முன்னால் முதல் தேங்காயைச் சொல்லிவிட வேண்டும். அது எழுந்தது தங்கை மணிமேகலைக்காக. அவளைக் கீரனூர்ப் பக்கம் குருசாமிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நாலு ஏக்கர் தோட்டம் என்று பெயர். குடத்தைத் தூக்கிக்கொண்டு அரை மைல் நடக்க வேண்டும். கல்யாணமான மூன்றாம் மாதம் தங்கையைப் பார்க்கப் போன சுருளிவேல், அவள் தலையில் சும்மாடு வைக்கிற இடம் காய்த்துப் போயிருந்ததைப் பார்த்தார். சந்தையில் எவனோ ஒருவன் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்ததை வேடிக்கை பார்த்திருந்தார், அவ்வளவுதான் அவர் வித்தை. சீர்த்தட்டில் கொண்டுபோன தேங்காயையே கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றினார். தென்மேற்கு மூலையில் தேங்காய் எழுந்தது. அவரே பயந்துபோய்க் கீழே போட்டுவிட்டார். நாற்பத்திரண்டாவது அடியில் ஊற்றுக் கண் திறந்தது. மணிமேகலை அழுதுகொண்டே தேங்காயை உடைத்து முதல் சில்லை அண்ணன் வாயில் வைத்தாள். அன்றிலிருந்து அவளுக்கு 'அண்ணன் கை' என்றால் அப்பீல் இல்லாத கோர்ட்டு.

சரி, மதியழகனுக்கு வருவோம்.

மதியழகன் திண்டுக்கல்லில் டைல்ஸ் கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர்தான், கெட்ட நேரம், ஐரோப்பாவுக்குப் பத்து நாள் டூர் போய்விட்டார். வெனிஸ் என்ற ஊரைப் பார்த்து மிரண்டு திரும்பி வந்தார். "தண்ணி மேலயே ஊரக் கட்டியிருக்கான் சார், வீட்ட விட்டு எறங்குனா படகு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். சொல்லிவிட்டு சும்மா இருந்திருக்கலாம். குஜிலியம்பாறை போகிற சாலையில், மழை வருஷத்துக்கு இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு விலாசம் தப்பென்று திரும்பிப் போகிற பொட்டலில், முப்பது ஏக்கர் வாங்கி, 'வெனிஸ் சிட்டி' என்று பலகை நட்டார்.

அறுபது வில்லா. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நாலு தூண், தூணுக்குத் தங்கப் பெயிண்ட், மேலே ஒரு கும்பம், ஜன்னலெல்லாம் நீலக் கண்ணாடி. வீடுகளைச் சுற்றிச் சிமெண்டில் கால்வாய், அதன்மேல் வளைவு வளைவாகப் பாலங்கள், ஆறு படகு. வாசலில் இறக்கை முளைத்த சிங்கம் இரண்டு. கண் படாமலிருக்க இரண்டின் கழுத்திலும் திருஷ்டிப் பூசணிக்காய். நடுவில் நீரூற்று, அதைச் சுற்றி எட்டு வெள்ளைக்காரப் பெண் சிலைகள், துணி இடுப்பில் நிற்குமா நிற்காதா என்கிற நிலையில். எந்தக் கோணத்தில் நின்று பார்த்தாலும் பார்க்கிறவருக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

எல்லாம் வரைபடத்தில் அழகாக இருந்தது. வீடு பார்க்க வந்தவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "தண்ணிக்கு எங்க போவீங்க?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மதியழகன் கன்னிவாடிக்கு வந்தார். வந்ததும் சுருளிவேலின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"அது பாறைக்காடு தம்பி. நான் வந்தாலும் பாறைதான்" என்றார் சுருளிவேல்.

"வந்து பாருங்கய்யா. இல்லேன்னா இல்லேன்னு சொல்லிட்டு வாங்க. ஒங்க கால் படட்டும், அது போதும்."

நியாயமான பேச்சு. சுருளிவேல் போனார்.

போய் இறங்கினால், பந்தல். நாதஸ்வரம். தலைக்கு மேலே வண்டாகச் சுற்றுகிற கேமரா. முப்பதடி உயரத்துக்கு ஒரு பிளக்ஸ், அதில் சுருளிவேலின் முகம், தலைமுடியைக் கம்ப்யூட்டரிலேயே கறுப்பாக்கி, கீழே 'நீரோட்ட மாமேதை' என்று பட்டம். அதுவரைக்கும் அவர் முகத்தைப் படமெடுத்தது ரேஷன் கார்டுக்காரர்கள் மட்டும்தான், அதிலும் திருடன் மாதிரி இருப்பார். பிளக்ஸைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. ஆனால் பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்: ரொம்பப் பிடித்திருந்தது. கூட்டத்தின் முன்வரிசையில் முத்துப்பேச்சி இருந்தாள். கீரனூரிலிருந்து மணிமேகலையும் குருசாமியும் வந்திருந்தார்கள். மணிமேகலை பக்கத்து நாற்காலிக்காரியிடம் பிளக்ஸைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். முதல் சுற்று, இரண்டாம் சுற்று. தேங்காய் அசையவில்லை. ஐந்தாம் சுற்றில் நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்திவிட்டார். ஏழாம் சுற்றில் கூட்டம் முழுக்க எழுந்து நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. தேங்காய் அவர் கையில் செத்த எலியாகக் கிடந்தது. இல்லை என்று சொல்வதற்கு வாயைத் திறந்தவர் மணிமேகலையின் முகத்தைப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள்.

கட்டைவிரலை ஒரு நூல் தூக்கினார். அவ்வளவுதான். தேங்காய் எழுந்து நின்றது.

கெட்டிமேளம் கொட்டினார்கள். மாலை போட்டார்கள். கூட்டம் கலையட்டும், மதியழகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். அதற்குள் பந்தி. பந்தியில் பக்கத்து இலையில் குருசாமி உட்கார்ந்தார்.

"மச்சான், ஒரு வீடு சொல்லிட்டேனுங்க. முட்டி வலியோட இனி தோட்டத்துல ஏறி எறங்க முடியலீங்க. பெங்களூர்ல இருந்து பையனும் டவுனுப் பக்கம் வாங்கப்பான்னு நச்சரிக்கிறான். தோட்டத்தக் கேக்க ஆளு இருக்குது. நீங்க கை காட்டுன எடத்த நாங்க வாங்காம வேற ஆருங்க வாங்கறது?"

அந்த நிமிஷம் இருந்தது. ஒரு வார்த்தை போதும், மாப்ளே வேண்டாம் என்று. சுருளிவேலின் இலையில் பாயசம் ஊற்றியிருந்தார்கள். அவர் குனிந்து பாயசத்தைக் குடித்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் முத்துப்பேச்சி கேட்டாள். "எந்திரிச்சுச்சா, எந்திரிக்க வச்சீகளா?"

"வாய மூடிக்கிட்டு வா."

அவள் மூடிக்கொண்டாள். அதன் பிறகு இந்த மூன்று வருஷத்தில் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

வெனிஸ் சிட்டியில் அவர் காட்டிய இடத்தில் போர் போட்டார்கள். புழுதி வந்தது. பத்தடி தள்ளிப் போட்டார்கள், புழுதி. மூன்றாவதாக ஆயிரத்து இருநூறு அடி போய், கோதுமை மாவாக வெள்ளைப் புழுதி எழும்பி, சிங்கங்களின் இறக்கையெல்லாம் மூடியது. திறப்பு விழாவுக்கு லாரித் தண்ணீர் அடித்துக் கால்வாயை நிரப்பி, மந்திரம் ஓதிப் படகு விட்டார்கள். ஒரு வாரத்தில் பாதி வெயிலுக்குப் போனது, பாதி வெடிப்பில் போனது. படகுகள் தரை தட்டிய இடத்தில் சாய்ந்து படுத்துக்கொண்டன. ஒன்றில் மயில் குடியேறியது. ஆடு மேய்க்கிறவர்கள் மதிய வெயிலுக்குப் பாலத்தடியில் ஒதுங்கினார்கள். மதியழகன் வேறு மாவட்டத்துக்குப் போய் 'பாரிஸ் கார்டன்' கட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

தேங்காயை யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை. அதை மதியழகன் கிளப் ஹவுஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, உள்ளே குட்டி விளக்கும் போட்டிருந்தார். வாசலில் சத்தம் கேட்டால் சுருளிவேல் எட்டிப் பார்ப்பார். பால்காரர் சைக்கிளாக இருக்கும். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஊரில் ஆறுதல் சொன்னார்கள். சறுக்கி விழுந்த யானைக்கு அந்த ஆறுதல் சரி. இது தானாகப் போய்க் குழியில் படுத்த யானை. வெளியூரிலிருந்து நீரோட்டம் பார்க்கக் கூப்பிட்டவர்களிடம் இடுப்புப் பிடிப்பு என்று சொல்லி அனுப்பினார்.

தோட்டத்தை விற்று வெனிஸ் சிட்டிக்குக் குடிபோயிருந்த மணிமேகலை போன ஆவணியில் போன் செய்தாள். "அண்ணா, வெள்ளிக்கெழம போர் வண்டி வருதுங்க. எங்க கொல்லையிலயே போட்றலாம்னு இருக்குறோம். செயின அடகு வச்சு ஏற்பாடு பண்ணியாச்சு. நீங்க வந்து ஒரு எடம் காட்டுங்க."

வியாழக்கிழமை காலை திண்டுக்கல் வந்து பஸ் மாறி, பதினோரு மணிக்கு இறக்கை வைத்த சிங்கத்தின் முன்னால் இறங்கினார். பூசணிக்காய் காய்ந்து சுருங்கியிருந்தது. உள்ளே எட்டு வெள்ளைக்காரப் பெண்களும் சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு நின்றார்கள். சின்னாளபட்டியில் சேலைக்கடை வைத்திருக்கிற சொர்ணலட்சுமி, எட்டாம் நம்பர் வீட்டுக்காரி, தன் மாமனார் காலையில் நடைபயிற்சி போகும்போது கண்ணை எங்கே வைப்பதென்று திண்டாடுவதைப் பார்த்துக் கட்டிவிட்டாளாம். தூசி அடைந்த நீரூற்றைச் சுற்றி, தண்ணீர் லாரிக்கு வரிசை நிற்கிறவர்கள் மாதிரியே அவர்கள் நின்றார்கள்.

மணிமேகலை வாசலிலேயே நின்றாள். மெலிந்திருந்தாள். "வாங்கண்ணா. பஸ்ஸு கெடச்சுதுங்களா?" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அரைச் சொம்பு. கீரனூர்த் தோட்டத்தில் வந்தவர்களுக்குக் கால் கழுவ அண்டாவில் வைத்திருப்பாள். இப்போது அவள் சொம்பைச் சாய்க்கிற விதத்திலேயே அளவு இருந்தது.  சுருளிவேல் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்தார்.

கொல்லைப்புறம் நாலு கட்டில் போடுகிற அகலம். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் பத்துப் பேர் சுவரோரம் கூடிவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் சங்கத்தின் செயலாளர் சேவியர், ரிட்டயர்டு வாத்தியார், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் ஒரு கூட்டத்தில் சுருளிவேலை 'அந்தத் தேங்காய் பிராடு' என்று சொன்னவர். அதற்கு மணிமேகலை எழுந்து நின்று அவரை வாங்கு வாங்கென்று வாங்கியதைக் குருசாமி போனில் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

சுருளிவேல் தேங்காயை வாங்கிக்கொண்டு நடந்தார். தேங்காய் படுத்தே கிடந்தது. அவருக்குத் தப்பிக்க ஒரு வழி தெரிந்தது. இங்கே இல்லை என்று சொன்னால் போதும். அது உண்மையும் கூட. தங்கையின் செயின் தப்பிக்கும், தன் மானமும் தப்பிக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

"இங்க இல்லத்தா" என்றார். "வீண் செலவு. வண்டிய வேணாம்னு சொல்லிரு."

மணிமேகலையின் முகம் வாடவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு சேவியர் வாத்தியாரின் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா சார்? இல்லேன்னா இல்லேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளுங்க எங்கண்ணன். கூடப்பொறந்தவ வூடுன்னு கூடப் பாக்கல. அப்பறம் அன்னிக்கு எந்திரிச்சது எப்படீங்க பொய்யாவும்? நாமதான் பாதியில நிறுத்திப்போட்டோம். நாளைக்கு வர்ற வண்டிய அங்க விடலாமுங்க. அந்த மொதக் குழியிலயே இன்னும் ஐநூறு அடி போடட்டும். என்ற செயின் பணம் இருக்குது, நீங்கல்லாம் கூடக் கொஞ்சம் போடுங்க."

சுவரோரம் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதுவும் சரிதான்" என்றாள் சொர்ணலட்சுமி. சேவியர் வாத்தியார் கூடத் தாடையைத் தடவினார். "ஒங்க தங்கச்சி சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க ஐயா?"

ஐயா என்றார். பிராடு என்று சொன்ன அதே வாயால்.  சுருளிவேலுக்கு அங்கே உட்காரக் கட்டிலும் இல்லை, பிடித்துக்கொள்ள மரமும் இல்லை. கொல்லை வாசலிலும் நட்டிருந்த தங்கத் தூணைப் பிடித்துக்கொண்டார். பெயிண்ட் பொருக்கு உரிந்து உள்ளங்கையில் ஒட்டியது.

"அன்னைக்கு அது எந்திரிக்கல" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. மணிமேகலை, "என்னங்ணா?" என்றாள்.

"எந்திரிக்கலத்தா. நாந்தான் எந்திரிக்க வச்சேன். இந்தா, இப்படி." தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்தார். கட்டைவிரலைத் தூக்கினார். தேங்காய் குடுமியைத் தூக்கிக்கொண்டு நின்றது. விரலை இறக்கினார், படுத்தது. மறுபடி தூக்கினார். "ஏழு சுத்து சுத்தியும் அசையல. அம்புட்டுக் கூட்டம், மேளம், பிளக்ஸுல என் மூஞ்சி. நீ வேற கையக் கும்பிட்டுக்கிட்டு நின்ன. இல்லேன்னு சொல்ல வெக்கமாப் போச்சு. சொல்லியிருந்தா அன்னைக்கு ஒருநாள் வெக்கம். பந்தியில மாப்ள தோட்டத்த விக்கிறேன்னு சொன்னாரு. அப்பயும் சொல்லல. பாயசம் குடிச்சேன்."

சேவியர் வாத்தியார் எழுந்தார்.   கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். சொர்ணலட்சுமி மட்டும் போகிற போக்கில், "நாங்க தறியெல்லாம் வித்துட்டு வந்தோங்க" என்றாள், கோபமில்லாமல், தகவல் சொல்கிற மாதிரி. அதற்குப் பதிலாக அவர் ஏச்சே வாங்கியிருக்கலாம்.

குருசாமி வெளியே போனார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தபோது கையில் அந்தப் பழைய தேங்காய் இருந்தது. மஞ்சள் துணி வெளுத்துப் போயிருந்தது. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து எடுத்து வந்திருக்கிறார். சுருளிவேலின் பையில் அதை வைத்து, பையின் காதை முடிந்து, வாசற்படியில் கொண்டுபோய் வைத்தார். திட்டவில்லை.

மணிமேகலை இலை போட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சோறு, கத்திரிக்காய் வெஞ்சனம், ரசம். எல்லாம் அண்ணனுக்குப் பிடித்தது. காலையிலேயே சமைத்து வைத்திருக்கிறாள். அவர் தலைகுனிந்து நாலு கவளம் உருட்டினார். அவள் எதிரில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.  போர் வண்டிக்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

அவர் எழுந்திருக்கும்போது கேட்டாள்.

"அண்ணா. எங்க தோட்டத்துல, கெணத்துக்கு எடம் காட்டுனீங்களே. அதாவது தானா எந்திரிச்சுதுங்களா?"

"நெசமாத்தா. அது தானா எந்திரிச்சுச்சு. சாமி சத்தியமா."

"செரிங்ணா" என்றாள் மணிமேகலை. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சோற்றுக் கையில் அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.